பாதி சீசனில் பறிபோன சீட்: எல்லையோரக் குடும்பம் ஒன்றின் எஃப்4 ஒப்பந்தம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

குடும்பம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. ஆந்திரச் சித்தூர் இல்லை. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயம்புத்தூர். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு, கூடவே இரண்டு லாரி. அம்மா பள்ளி ஆசிரியை. தாய்மாமன் துபாயில் இருக்கிறார். பையனுக்கு அப்போது 16 வயது.

பந்தயம் இந்த வீட்டுக்குள் வந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டினால் செட்டிப்பாளையம். அங்கே 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சொந்தமாக ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, பல இளைஞர்களைப் பந்தயத்துக்குள் இழுத்துவந்த கரிவரதனின் பெயர் அதற்கு. பையன் ஒன்பது வயதில் கோ-கார்ட் ஓட்ட ஆரம்பித்தான். பிறகு தேசிய அளவில் இரண்டு சீசன், ஒரு பந்தய வெற்றி, சில மூன்றாமிடங்கள். திறமை உண்டு. ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஒரு பெரிய அணி தன் செலவில் தூக்கிக்கொண்டு போகும் அளவு முடிவுகள் அவனிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதை ஒட்டியவை.

நான் கோயம்புத்தூரில் கணக்கும் ஒப்பந்த வேலையும் பார்ப்பவன். பந்தயக் குடும்பங்கள் சிலவற்றுக்குக் காகிதம் பார்த்துக் கொடுக்கிற பழக்கம் உண்டு. 2024 நவம்பரில் அந்த அப்பா ஓர் ஒப்பந்த வரைவை எடுத்துக்கொண்டு வந்தார்.

வந்த அழைப்பு

ஐரோப்பாவில் ஒரு நாட்டின் எஃப்4 தொடர். எஃப்4 என்பது ஃபார்முலா 4, ஃபார்முலா 1-ஐ நோக்கிய ஏணியின் கீழ்ப்படி. மே முதல் அக்டோபர் வரை ஏழு சுற்று, சுற்றுக்கு மூன்று பந்தயம். சீட், அதாவது அணியின் காரை ஒரு சீசன் ஓட்டும் இடம்; அதன் விலை மூன்றரை லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடியே 15 லட்சம் ரூபாய். கார் அடிபட்டால் அந்தச் செலவு தனி. அதற்கு முன்வைப்புத் தொகை 30,000 யூரோ. அழைப்பைக் கொண்டுவந்தவர் ஒரு மேனேஜர். பையனின் வருங்கால வருமானத்தில் 20 சதவீதம் அவருக்கு, அதுவும் பல ஆண்டுகளுக்கு.

அம்மாவுக்கு அந்தத் தொகையே அவமானமாகப் பட்டது. "ஏனுங்க, காசு கொடுத்து ஓட்டறவனை யாராவது டிரைவர்னு மதிப்பாங்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால் இந்தத் தொழிலில் அது அர்த்தமில்லாமல் போய் வெகுநாளாகிறது. நிக்கி லாடா ஆயுள் காப்பீட்டை ஈடாக வைத்து வங்கிக் கடன் வாங்கி சீட் பிடித்தவர். பிறகு மூன்று முறை உலக சாம்பியன். 1991-இல் மைக்கேல் ஷூமாக்கரின் முதல் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு ஜோர்டன் அணிக்கு மெர்சிடிஸ் பணம் கட்டியது. பாஸ்டர் மால்டொனாடோவை வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனம் தாங்கியது. அவர் 2012-இல் ஸ்பெயின் பந்தயத்தை வென்றும் காட்டினார். நம் ஊர் அஜித் குமார் இன்று நீண்டநேரப் பந்தயங்களில் சொந்த அணியோடு ஓடுகிறார். யாரும் அதைக் குறைவாகப் பேசுவதில்லை. கீழ்மட்டத் தொடர்களில் காசு கட்டாமல் ஓட்டுபவர்கள் மிகச் சிலரே.

ஆகவே காசு கட்டலாமா என்பதில் நான் நேரம் செலவிடவில்லை. கட்டுகிற காசுக்கு என்ன கிடைக்கிறது, எப்போது பறிபோகும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

வரைவில் கண்டவை

வரைவு பதினொரு பக்கம். அதில் சீட் என்ற சொல் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வந்தது. எந்த கார், எந்த எஞ்சினியர், புது டயர் எத்தனை செட், டெஸ்ட் ஓட்டம் எத்தனை நாள் என்பது எங்கும் உறுதியாக இல்லை. முழுத்தொகையும் முதல் பந்தயத்துக்கு முன்பே கட்டியாக வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் ஒப்பந்தம் ரத்து, கட்டியது திரும்பாது. அதே சமயம் விளையாட்டுக் காரணங்களுக்காக டிரைவரை எப்போது வேண்டுமானாலும் மாற்ற அணிக்கு உரிமை. மாற்றினால் மீதிப் பணம் என்னாகும் என்று ஒரு வரி இல்லை. தகராறு வந்தால் அணியின் நாட்டில்தான் வழக்கு.

அப்பா இதைக் கேட்டதும் சொன்னது: "மரத்தைப் பாட்டத்துக்கு விடறப்போ எத்தனை மரம், எந்த மாசம் பணம்னு எழுதாம ஒருத்தன் கள்ளு இறக்க வர மாட்டான். இதென்ன வரப்பே இல்லாத பாட்டமா இருக்குது." பாட்டம் என்றால் குத்தகை. சித்தூர்க்காரருக்கு இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது.

இன்னொரு சங்கதி. பையனுக்கு வயது 16. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. வரைவில் அப்பாவைத்தான் ஒரு தரப்பாகப் போட்டிருந்தார்கள். கார் சேதம், பாக்கி, வழக்குச் செலவு என எது வந்தாலும் அவர் தலையில்தான். அவர் பெயரில் இருப்பது தோப்பு. வங்கி ஒன்று தோப்பின் ஆதாரத்தை (கிரயப் பத்திரத்தை) வைத்து அடமானக் கடன் தரத் தயாராகவும் இருந்தது.

டெஸ்ட் நாட்கள்

பேச்சு முற்றுவதற்கு முன் இரண்டு நாள் டெஸ்ட் போய்வரச் சொன்னேன், அதற்கும் காசுதான். அப்பாவும் பையனும் ஜனவரியில் போனார்கள். எஃப்4 கார் அவன் இங்கே ஓட்டியதிலிருந்து வேறு ரகம்: கார்பன் ஃபைபர் உடல், முன்னும் பின்னும் சிறகு, ஸ்டீயரிங் பின்னாலேயே கியர்.

அப்பா திரும்பி வந்தபோது கொண்டுவந்தவற்றில் இரண்டு எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, காரின் பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோ. பையனின் பெயர் ஸ்டிக்கர், அதற்குக் கீழே விளிம்பில் இன்னொரு பெயரின் கடைசி இரண்டு எழுத்து, அதற்கும் கீழே சுரண்டி எடுத்த பசைத் தடம். அந்த மாதத்தில் அதே காரில் எத்தனை பையன்களை உட்கார வைத்தார்களோ. இரண்டாவது, லேப் நேரத் தாள். முதல் நாள் முழுக்கப் பழைய டயர். இரண்டாம் நாள் மதியம் ஒரே ஒரு புது செட் போட்டபோது நேரம் சட்டென்று இறங்கியது. அணியின் மற்றொரு டிரைவரோடு இருந்த இடைவெளி பாதியானது. டேட்டாவைப் பார்த்த எங்கள் ஊர் எஞ்சினியர் ஒருவர் மெதுவான வளைவுகளில் பையன் பிரேக்கைச் சீக்கிரம் விடுகிறான், மற்றபடி மோசமில்லை என்றார்.

ஆக, அணி பொய்யான அணி இல்லை. பையனும் தகுதியில்லாதவன் இல்லை. ஆனால் அவர்களுக்கு அவன் வாடிக்கையாளர். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் பிழைப்பு அப்படித்தான் நடக்கிறது.

பெரிய மேடையில் நடந்தவை

குடும்பத்துக்கு நான் சில பழைய நிகழ்வுகளை எடுத்துச் சொன்னேன். மாமாவும் துபாயிலிருந்து வீடியோவில் இருந்தார். அவர் பெரிய ஃபார்முலா 1 ரசிகர். "சீட் கிடைச்சிட்டா அப்புறம் யாரு இறக்குவா?" என்பது அவர் கட்சி.

இறக்குவார்கள். 2010-இல் சென்னையின் கருண் சந்தோக் ஹிஸ்பானியா அணியில் பத்துப் பந்தயம் ஓட்டினார். ஜெர்மனிப் பந்தயத்திலிருந்து அவர் இடத்தில் சகோன் யமமோட்டோ. அடுத்த ஆண்டு அதே அணியில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் அவர், அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் நான்காமிடம் எடுத்தவர். அவரையும் 2011 பிரிட்டன் பந்தயத்திலிருந்து நகர்த்திவிட்டு, ரெட் புல் வளர்த்த டேனியல் ரிக்கார்டோவை உட்கார வைத்தார்கள். கிரேட்டர் நொய்டாவில் நடந்த இந்தியப் பந்தயத்துக்கு நரேன் திரும்பி வந்தார்.

2015-இல் கீடோ வான் டெர் கார்டே சாபர் அணியோடு செல்லுபடியாகும் ஒப்பந்தம் வைத்திருந்தார். அணியோ மார்கஸ் எரிக்சனையும் ஃபெலிப்பே நாசரையும் எடுத்துவிட்டது. அவர் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். ஆனால் மெல்பர்னில் அவர் கார் ஓட்டவில்லை. இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகினார், அதன்பின் ஃபார்முலா 1 பந்தயம் எதிலும் இல்லை. மால்டொனாடோ கதையும் அப்படியே முடிந்தது: 2016-இல் எண்ணெய்ப் பணம் நின்றது, சீட் கெவின் மேக்னசனுக்குப் போனது. 2022 மார்ச்சில் ஹாஸ் அணி ஸ்பான்சரையும் அந்த ஸ்பான்சரின் மகனான நிகிடா மசெபினையும் ஒரே நாளில் வெளியே அனுப்பியது.

மாமா கேட்டார், ஆஸ்திரேலிய டிரைவர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி எந்த அணிக்கு என்ற விவகாரத்தை ஒரு குழு தீர்த்து வைத்ததே என்று. உண்மைதான். ஆல்பைனா மெக்லாரனா என்ற சண்டையில் ஒப்பந்த அங்கீகார வாரியம் 2022 செப்டம்பர் 2 அன்று மெக்லாரன் பக்கம் முடிவு சொன்னது. அந்த வாரியம் ஃபார்முலா 1-க்கானது. எஃப்4-இல் ஒரு குடும்பம் ஏமாந்தால் அங்கே போய் நிற்க முடியாது. கையில் இருக்கும் காகிதமும், இன்னும் கட்டாத பணமும்தான் துணை.

பணம் போகும் வழி

இதை யாரும் மேனேஜரிடம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளிநாடு அனுப்ப முடியும். மூன்றரை லட்சம் யூரோ அந்த வரம்பைத் தாண்டும். அதோடு டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துக் கட்டும் வரி. அப்போது 7 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், இந்த மாதிரிச் செலவுக்கு 20 சதவீதம் பிடித்தம். அப்பாவும் அம்மாவும் பங்கு போட்டு அனுப்பினால்கூட ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய் வருமான வரித்துறையிடம் போய் உட்காரும். கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்ப வரும். ஆனால் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. கழிக்க இவர்களுக்குப் பெரிதாக வரியே கிடையாது. ரீஃபண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த 60 லட்சத்துக்கும் கடன் வாங்கினால் வட்டி ஓடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தோப்பைத் தொடுவதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் இருந்த ஒரு மனையை விற்ற பணம், மாமாவின் பணம், கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ஒருவர் தருவதாகச் சொன்ன ஸ்பான்சர் தொகை, இவ்வளவுதான் கணக்கு. ஸ்பான்சர் பணம் கைக்கு வராதவரை அது பணமே இல்லை என்று எழுதி வைத்தோம்.

இரண்டாவது, தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவில்லை. மொத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, கட்டும் முறையை மாற்றச் சொன்னோம்: கையெழுத்தின்போது 20 சதவீதம், முதல் சுற்றுக்கு முன் 20, மூன்றாம் சுற்றுக்கு முன் 30, ஐந்தாம் சுற்றுக்கு முன் 30. அணி டிரைவரை மாற்றினால் அதற்குப் பிந்தைய தவணைகள் கட்ட வேண்டியதில்லை. கொடுக்காத டெஸ்ட் நாளுக்கு நாளொன்றுக்கு 5,500 யூரோ திருப்பித் தர வேண்டும். டெஸ்ட் பன்னிரண்டு நாள். சேதச் செலவுக்கு ஒரு பந்தய வாரத்துக்கு 20,000 யூரோ உச்சவரம்பு. விலையில் 10,000 யூரோ குறைத்து வாங்கியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் தவணை முறை அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அணி இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒப்புக்கொண்டது. பிப்ரவரி கடைசியிலும் அவர்களுக்கு ஒரு கார் காலியாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

மூன்றாவது, மேனேஜரின் 20 சதவீதம் ஓராண்டுக்கு மட்டும், அவர் நேரடியாகக் கொண்டுவரும் வருமானத்தில் மட்டும். அவர் கோபித்துக்கொண்டார், போகவில்லை.

நான்காவது, பணம் அனுப்பும் ஒழுங்கு. கையெழுத்துத் தவணையும் முன்வைப்பும் மார்ச்சில், அடுத்தது ஏப்ரலில் புது நிதியாண்டில். டிசிஎஸ் வரம்பும் ஏப்ரல் முதல் 10 லட்சமாக உயர்ந்தது. மூன்றாவது தவணையை மாமா தன் துபாய்க் கணக்கிலிருந்து நேராக அணிக்குக் கட்டினார். அதற்கு எல்ஆர்எஸ்ஸும் இல்லை, டிசிஎஸ்ஸும் இல்லை. பிடித்தம் 30 லட்சத்துக்குள் அடங்கியது.

ஐந்தாவது முடிவு அம்மாவுடையது. பையன் பிளஸ் ஒன் தேர்வை எழுதிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இதில் யாரும் வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டில் ஓட்டாமலே இருந்துவிடலாமே என்ற யோசனையும் வந்தது. நம் நாட்டு எஃப்4 தொடரும் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் அங்கீகாரம் பெற்றதுதான். ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளி வேண்டும். எஃப்4 தொடர் ஒன்றில் சாம்பியனே ஆனாலும் கிடைப்பது 12. எஃப்3, எஃப்2 என்று ஏறினால் ஆண்டுச் செலவு பல மடங்காகும். 2025-இல் ஃபார்முலா 1-இல் மொத்தம் 20 சீட். இதையெல்லாம் பையன் முன்னாலேயே பேசினோம். அவன் நிதானமாகத்தான் இருந்தான். நல்ல ஆட்கள் நடுவில் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். அந்த அளவுக்கு அந்தச் செலவு தகும் என்று குடும்பம் முடிவெடுத்தது. எனக்கு அதில் பாதி மனதுதான். ஆனால் அது அவர்கள் பணம்.

நடந்தது

முதல் சுற்று நன்றாகவே போனது. முப்பதுக்கு மேற்பட்ட கார்களில் நடுவாந்தரம். ஒரு பந்தயத்தில் பதினொன்றாமிடம். இரண்டாம் சுற்றில் முதல் வளைவில் பின்னாலிருந்து இடித்தார்கள், 11,000 யூரோ பில். மூன்றாம் சுற்றில் பெரிய அடி: முன்சிறகு, சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் உறை என்று 27,000 யூரோ எழுதினார்கள். உச்சவரம்பு இருந்ததால் 20,000-தான் கட்ட வேண்டியிருந்தது. நான்காம் சுற்றில் இன்னொன்று, 17,000. இவற்றில் ஒன்றுதான் முழுக்க அவன் தவறு. ஆனால் பில் யார் தவறு என்று பார்ப்பதில்லை.

ஜூலை நடுவில் அணியிலிருந்து ஒரு மரியாதையான மின்னஞ்சல் வந்தது. ஐந்தாம் சுற்றிலிருந்து வேறொரு டிரைவர். இவனுக்கு ரிசர்வ் இடம், சிமுலேட்டர் நாட்கள் இலவசம். புதிதாக வந்த பையனின் குடும்பம் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டியிருந்தது என்று பிறகு மெக்கானிக் ஒருவர் சொன்னார். எங்கள் பக்கம் ஸ்பான்சர் பணம் அதுவரை வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை. முழுத்தொகையும் முதலிலேயே கட்டியிருந்தால் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத எங்களுக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

பதில் ஒரு பக்கம் எழுதினோம். கடைசி 30 சதவீதம், அதாவது 1,05,000 யூரோ, கட்டப்படாது. கொடுக்காத டெஸ்ட் நான்கு நாள், 22,000 யூரோ திரும்ப வேண்டும். சேதம் மொத்தம் 48,000. முன்வைப்பு 30,000 போக 18,000 நாங்கள் தர வேண்டும். கழித்தால் 4,000 யூரோ அணி தர வேண்டும். அவர்கள் சிமுலேட்டர் நாட்களை டெஸ்ட் நாட்களாகக் கணக்கிடப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தில் டெஸ்ட் என்பது தடத்தில் கார் ஓட்டுவது என்று எழுதியிருந்ததால் அது நிற்கவில்லை. வழக்கு, வக்கீல் எதுவும் இல்லாமல் 4,000 யூரோ இரண்டு தவணையில் வந்தது.

பையன் ஆகஸ்டில் ஊர் திரும்பினான். இங்கே எஃப்4 சீசன் தொடங்கும் நேரம். மீதமிருந்த பணத்தில் ஒரு பங்கை வைத்து இங்கே ஓட்ட வைத்தார்கள். மெதுவான வளைவு பிரேக் விஷயம் சரியாகியிருந்தது, டேட்டாவிலேயே தெரிந்தது. ஒரு பந்தயத்தில் மூன்றாமிடம் வந்தான். அம்மா அன்றுதான் முதல்முறையாகத் தடத்துக்கு வந்து பார்த்தார்.

அடுத்த முறை மாற வேண்டியவை

சேத உச்சவரம்பு பந்தய வாரத்துக்கு மட்டும் இருந்தால் போதாது, சீசன் முழுமைக்கும் சேர்த்து ஒன்று வேண்டும். மூன்று வாரம் அடுத்தடுத்து அடி வாங்கியபோது தனித்தனி வரம்பு பெரிதாக உதவவில்லை. சேத பில்லோடு உடைந்த பாகத்தின் போட்டோவும், புதுப் பாகம் வாங்கிய ரசீதும் வர வேண்டும் என்ற வரியும் அவசியம். 17,000 யூரோ பில்லில் இருந்த ஒரு பாகம் பழசா புதுசா என்பதை எங்களால் கடைசிவரை பார்க்க முடியவில்லை.

டிரைவரை மாற்றப் போவதாக இருந்தால் முப்பது நாள் முன்னறிவிப்பு கேட்கலாம். எஃப்4 அணிகள் எளிதில் தர மாட்டார்கள். பதினைந்து நாளாவது கிடைத்தால் வேறு அணியில் இடம் தேட நேரம் இருக்கும். இந்தப் பையனுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

ஸ்பான்சர் பேச்சு நடக்கும்போது அதை நம்பி எந்தத் தவணையையும் தேதி போட்டு ஒப்புக்கொள்ளக் கூடாது. இவர்கள் கடைசித் தவணையை அப்படித்தான் வைத்திருந்தார்கள். அணி தானாக மாற்றியதால் தப்பித்தார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் தோப்பின் ஆதாரம் வங்கிக்குப் போயிருக்கும்.

டிசிஎஸ் பிடித்ததற்கு வங்கி தரும் சான்றிதழை அந்தந்தக் காலாண்டிலேயே வாங்கி வைக்க வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கான ரீஃபண்ட் வந்துவிட்டது. ஏப்ரலில் பிடித்தது அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். அதுவரை அப்பா ஒரு லாரியை விற்றுச் சமாளிக்கிறார்.